முப்பத்தொரு வீடுகளைச் சுரண்டியவள்

அலுவலகத்தில் அவளுக்குப் 'பிளேடு' என்று பெயர். பேசியே கழுத்தை அறுக்கிறவர்களுக்குத்தான் அந்தப் பெயர் வைப்பார்கள். இவள் விஷயத்தில் நேர்மாறு. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மாலை மணி அடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டாள். பெயர் வந்தது அவள் கையில் இருந்த நிஜமான பிளேடால்.

அது நில அளவை அலுவலகத்தின் வரைபடப் பிரிவு. மூன்றாம் மாடியில் நீளமான ஒரு கூடம், இருபத்திரண்டு கண்ணாடி மேசைகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழல்விளக்கு. மேசையின்மேல் தடித்த பிளாஸ்டிக் தாளை விரித்து மையால் வரைவார்கள். தண்ணீருக்கு ஒரு தாள், மேடு பள்ளத்துக்கு ஒரு தாள், வீட்டுக்கும் பாதைக்கும் ஒரு தாள். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வேறு வேறு நிறத்தில் அச்சடித்தால் வரைபடம். அதில் ஒரு வீடு என்பது கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புக் கட்டம், அவ்வளவுதான்.

இருபது முப்பது வருடத்துக்கு ஒருமுறை பழைய வரைபடத்தைப் புதுப்பிப்பார்கள். புதிதாக வந்ததைச் சேர்க்க வேண்டும், இல்லாமல் போனதைப் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். சேர்ப்பதற்குப் பத்துப் பேர் இருந்தார்கள். சுரண்டுவதற்கு அவள்தான். மற்றவர்கள் சுரண்டிய இடத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தேமல் விழுந்த தோல் மாதிரித் தெரியும். அவள் சுரண்டிய இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அவள் ஒரு தையற்காரரின் மகள். பிரித்துத் தைத்த தடம் தெரிந்தால் அது தையலே இல்லை என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர் அப்பா.

வேலையில் சேர்ந்து மூன்றாவது வருடம், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, வயது இருபத்திரண்டு. தலைமை வரைவாளர் ஒரு தாளையும் அதோடு இணைத்த திருத்தக் குறிப்பையும் அவள் மேசையில் வைத்தார். வெளியே போய்ப் பார்த்து வந்த களக் குழு, ஊதா நிறப் பென்சிலால் குறித்துக் கொடுப்பதுதான் திருத்தக் குறிப்பு. பெருக்கல் குறி போட்டிருந்தால் எடுத்துவிட வேண்டும். ஒரு ஏரியின் கிழக்குக் கரையில், மேடான ஒரு இடத்தில், முப்பத்தொரு வீடுகளின்மேலும் பெருக்கல் குறி இருந்தது. பக்கத்தில் 'தற்காலிகக் கொட்டகைகள், நீக்குக' என்று எழுதியிருந்தது. இரண்டு கிணறுகளின் மேலும் ஒரு பள்ளிக்கூடத்தின் மேலும் அதே குறி.

அவள் எழுந்து தலைமை வரைவாளரிடம் போனாள். அவள் எழுந்து வருவதே அபூர்வம் என்பதால் பக்கத்து மேசைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சார், கொட்டகைன்னு போட்டிருக்காங்க. கொட்டகைக்கு எதுக்கு சார் ரெண்டு கிணறு? பள்ளிக்கூடம் வேற இருக்கு."

அவர் பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டே குறிப்பைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நீ அங்க போயிருக்கியா?"

"இல்ல சார்."

"நான் போயிருக்கேனா?"

"தெரியல சார்."

"நானும் போனதில்ல. போனவங்க எழுதிக் கொடுத்திருக்காங்க. கேள்வி கேக்குறதுக்கு வேற ஆபீஸ் இருக்கும்மா. நம்ம வேலை சுரண்டுறது. அடுத்த மாசம் உன் ஃபைல் மேல போகுது, ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒரு முற்பகல் போதுமாக இருந்தது. மூச்சை அடக்கி ஒரு கட்டம், மூச்சு விட்டு அடுத்த கட்டம். சுரண்டிய கறுப்புத் தூளை மெல்லிய தூரிகையால் கூட்டி, ஒரு காகிதத்தில் ஏந்தி, குப்பைக்கூடையில் தட்டினாள். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு, காலியான இடத்தில் சதுப்பு நிலத்துக்கான குறிகளை, சின்னச் சின்னப் புல் கொத்துகளை, வரிசை பிசகாமல் வரைந்தாள். கீழே வலது மூலையில், 'வரைந்தவர்' என்ற இடத்தில் தன் பெயரின் முதல் எழுத்தையும் அப்பா பெயரின் முதல் எழுத்தையும் போட்டாள். அந்தத் தாளைத் தலைமை வரைவாளர் கூடத்தில் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "வேலைன்னா இப்படி இருக்கணும்" என்றார். அடுத்த மாதம் அவள் வேலை நிரந்தரமாயிற்று. தையற்காரர் கடையை அரை நாள் மூடிவிட்டு மகளோடு படத்துக்குப் போனார்.

இரண்டு வருடம் கழித்து அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை, அப்பா கடைக்குக் காக்கிச் சட்டை தைக்க வரும் பஸ் டிப்போ மெக்கானிக். கூச்சமில்லாமல் சிரிப்பார். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். அதை மறைக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பெண் வீட்டில் உட்கார்ந்தார். அது அவளுக்குப் பிடித்துப் போயிற்று.

அவருடைய அம்மாவும் தம்பியும் ரயில் பாதையை ஒட்டிய குடியிருப்பில் இருந்தார்கள். தகரம் போட்ட ஒற்றை அறைகள். ரயில் போகும்போது பாத்திரமெல்லாம் தாளம் போடும். கல்யாணமான வாரம் அங்கே போயிருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டே மெக்கானிக் சொன்னார்.

"நாங்க ஒண்ணும் ரயிலடியில பிறந்தவங்க இல்ல. ஏரிக்கரை ஆளுங்க. எங்க அப்பா வீச்சு வலை போட்டா கரையே வந்து வேடிக்கை பார்க்கும். டவுனுக்குத் தண்ணி வேணும்னு, மிச்சத் தண்ணி வழியிற ஏரிக் கலிங்கை ஒரு ஆள் உசரத்துக்கு ஏத்தினாங்க. எங்களைக் காலி பண்ணுன்னாங்க. மாத்து இடம் குடுங்கன்னு அப்பா கேட்டாரு. அதிகாரி ஜீப் மேல மேப்பை விரிச்சு, 'இதுல உங்க ஊர் எங்க இருக்கு, காட்டு'ன்னாரு. அப்பாவுக்கு மேப் பார்க்கத் தெரியுமா? கரையில விரலை வச்சாரு. 'அங்க புல்லுதான்யா போட்டிருக்கு, நேத்து வந்து குடிசை போட்டுட்டு இன்னிக்கு இடம் கேக்குறியா'ன்னு சிரிச்சாங்க."

"எத்தனை வீடு இருந்திச்சு?" என்று கேட்டாள் அவள்.

"முப்பத்தொண்ணு."

அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "அண்ணிக்குக் கை சுட்டிடுச்சு போல" என்று கொழுந்தனார் தண்ணீர் எடுத்து வந்தார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது.

மறுநாள் அலுவலகத்தில் பழைய வரைபடங்களை வைக்கும் காப்பறைக்குப் போய் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை. இருந்தாலும் பார்த்தாள். புல் கொத்துகள் வரிசையாக இருந்தன. மூலையில் அவள் எழுத்து இருந்தது.

அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னாளில் அவள் எத்தனையோ விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். மெக்கானிக் கத்தியிருப்பார். ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பார். அப்புறம், 'நீ என்ன செய்வே, சொன்னதைச் செஞ்சே' என்று அவரே சமாதானம் சொல்லியிருப்பார். அவர் அப்படிப்பட்ட மனுஷன்தான். ஆனால் புதுப்பெண்ணுக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்ட விஷயம் புளித்த மாவு மாதிரி, நாளாக ஆகப் பொங்கிப் பாத்திரத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

ஒருநாள் அவரே கேட்டார். "உங்க ஆபீஸ்லதானே அந்த மேப் போட்டிருப்பாங்க? வரைஞ்சவன் யாருன்னு பார்த்துச் சொல்லேன்."

"பார்த்தேன்" என்றாள் அவள், மகளுக்குத் தலை வாரிக்கொண்டே. "அதுல பேரெல்லாம் போட மாட்டாங்க."

அந்த ஒரு பொய்க்குப் பிறகு திரும்பி வர வழியே இல்லாமல் போயிற்று. மாதம் ஒருமுறையாவது, ரயிலடிக்குப் போய் வந்த நாளிலோ செய்தித்தாளில் ஏரியின் படம் வந்த நாளிலோ, மெக்கானிக் தட்டின் முன் உட்கார்ந்து சபிப்பார். "அந்த மேப்பை வரைஞ்சவன் கை புழுத்துப் போகணும். அவன் பெத்தது விளங்காமப் போகணும்." வரைந்தவன் என்றே எப்போதும் சொல்வார். அது ஒரு பெண்ணாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. பெற்ற பிள்ளை எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அவள் இன்னொரு கை சோறு வைப்பாள். முப்பத்திரண்டு வருடம் அப்படி வைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று யார் சொன்னது? தினம் தினம் மறைத்தால் முடியும்.

மெக்கானிக் ஒரு மழைக்காலத்தில் டிப்போவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து அவள் ஓய்வு பெற்றாள். அதற்குள் கண்ணாடி மேசைகள் எல்லாம் ஏலத்தில் போய், கூடம் முழுக்கக் கணினி வந்திருந்தது. பிளேடு என்று ஒரு ஆள் அங்கே இருந்ததை நினைவில் வைத்திருந்தவர்கள் நான்கு பேர்.

அவளுக்கு அறுபத்திரண்டு வயதாகும்போது கொழுந்தனார் வீட்டுக்கு வந்தார். இப்போது அவருக்கும் தலை நரைத்திருந்தது. மீன் சந்தையில் ஒரு மேடை வைத்து வியாபாரம் செய்கிறவர். எத்தனை தடவை கை கழுவினாலும் வாடை போகாது என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார்.

"அண்ணி, ஒரு நல்ல சேதி. ஏரிக்கரையை அழகுபடுத்தப் போறாங்களாம். அதோட, கலிங்கு ஏத்தினப்ப அங்கிருந்து போனவங்களுக்கு ஏரிக்கு மேக்கால வீட்டு மனை குடுக்கலாம்னு விசாரணை வச்சிருக்காங்க. மூணு தலைமுறையா அங்க இருந்தோம்னு காட்டணும். காகிதம் எல்லாம் தண்ணியில போச்சு. பழைய மேப்புல எங்க ஊர் இருந்திருக்கும்தானே? உங்களை விட்டா எங்களுக்கு யார் இருக்கா?"

"எடுத்துத் தரேன் தம்பி" என்றாள் அவள். வேறென்ன சொல்ல முடியும்?

காப்பறையில் இப்போது இருந்தவர் ஒரு காலத்தில் அவளிடம் பேனா முனை கடன் வாங்கியவர். "வாங்க பிளேடு அக்கா" என்று எழுந்து நின்றார். இரும்பு இழுப்பறைகளைத் திறந்து, அந்த ஏரி வரும் தாளின் எல்லாப் பதிப்புகளையும் எடுத்து மேசையில் பரப்பினார். மூன்று இருந்தன.

மூன்றாவது அவளுடையது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டாவதைப் பார்த்தாள். எழுபது வருடத்துக்கு முந்தியது. முப்பத்தொரு வீடுகளும் இருந்தன. இரண்டு கிணறு, பள்ளிக்கூடம், படகுத்துறை, மேட்டிலிருந்து இடுகாட்டுக்கு ஒரு ஒற்றையடிப் பாதை. ஏரி இப்போதிருப்பதில் முக்கால் பங்குதான் இருந்தது. தண்ணீரின் விளிம்பு வீடுகளிலிருந்து இருநூறு அடி தள்ளி, நான்கடி தாழ்வாக இருந்ததை உயரக் கோடுகள் தெளிவாகச் சொல்லின. கரையோரச் சேற்றில் குடிசை போட்டவர்கள் அல்ல அவர்கள். மேடு பார்த்து, கிணறு வெட்டி, பாதை போட்டு வாழ்ந்தவர்கள். மெக்கானிக் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அவர் மிகைப்படுத்துகிறார் என்று சில நேரம் தன்னைத் தானே தேற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

பிறகு முதல் பதிப்பைப் பிரித்தாள். நூறு வருடத்துப் பழையது, மடிப்பில் உதிர்ந்தது. அதே மேடு, அதே உயரக் கோடு. ஆனால் வீடுகள் ஏழுதான். அதுகூடப் பரவாயில்லை. அந்த ஏழு வீட்டின் பக்கத்தில் அச்சாகியிருந்த ஊர்ப் பெயர் வேறு. மெக்கானிக் வீட்டில் யாரும், ஒருபோதும் சொல்லாத ஒரு பெயர். இடுகாடும் வேறு இடத்தில் இருந்தது. இரண்டாவது பதிப்பில் பள்ளிக்கூடம் நின்ற அதே இடத்தில்.

மூன்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலடிக்குப் போனாள். குடியிருப்பின் நடுவில் எல்லோரும் கூடுகிற ஒரு அறை உண்டு. அங்கே தரையில் இரண்டாவது தாளை விரித்து நான்கு மூலையிலும் செருப்பை வைத்தார்கள். பெரியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மண்டியிட்டுக் குனிந்தார்கள். எது ஏரி, எது மேடு என்று அவள் விரலால் காட்டினாள். முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. படகுத்துறையைக் காட்டியதும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

"அப்ப இது எங்க வீடு!"

"அது உங்க வீடா? அது எங்க வீடு. உங்க வீடு அதோ, கிணத்தடியில."

"கிணத்தடியில இருந்தது உங்க ஆட்டுக் கொட்டில். ஆட்டையெல்லாம் கவர்மெண்டு கணக்குல எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்றியா?"

சிரிப்பில் அறை அதிர்ந்தது. ஒரு கருவாட்டு வியாபாரி, எழுபது தாண்டிய பெண், ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்தவள் எடுக்கவே இல்லை. "இங்கதான் என் மூத்தது பிறந்துச்சு" என்றாள். கொழுந்தனார் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "அண்ணன் பார்க்காமப் போயிட்டாரே" என்றார்.

அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம் இருந்தது. யாரோ ஒருவர், "இன்னொரு பழைய மேப் இருக்குன்னீங்களே, அதையும் விரிங்க, ஏழு தலைமுறையும் தெரியட்டும்" என்றார். விரித்தாள். பெயரைப் படித்துச் சொன்னாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாயிற்று.

கருவாட்டுக்காரப் பெண்தான் கடைசியில் சொன்னாள்.

"அவங்க வேற ஆளுங்க. எங்க மாமனார் சின்னப் பிள்ளையா இருக்கும்போது அங்க இருந்தாங்களாம். அப்புறம் அவங்களாவே காலி பண்ணிப் போயிட்டாங்களாம்."

"அவங்களாவேவா?" என்று கேட்டாள் அவள்.

"அப்படித்தான் சொல்லுவாங்க. பள்ளிக்கூடத்துக்கு அஸ்திவாரம் தோண்டினப்ப எலும்பு வந்துச்சாம். எனக்கென்ன தெரியும், நான் கட்டிக்கிட்டு வந்தவ."

கொழுந்தனார் குனிந்து அந்தத் தாளைச் சுருட்டினார். "இது வேணாம் அண்ணி. ரெண்டாவது மேப் ஒண்ணே போதும். அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு விசாரணையில யாரும் கேக்கப் போறதில்ல. இதை எடுத்துடுங்க."

இருபத்திரண்டு வயதில் கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாளே, இந்தத் தடவை உட்காரவில்லை.

"தம்பி, ஒரு தடவை எடுத்துட்டேன். இனிமே எடுக்க மாட்டேன்" என்றாள்.

"என்ன எடுத்தீங்க?"

பையிலிருந்து மூன்றாவது தாளை எடுத்து விரித்தாள். புல் கொத்துகளைக் காட்டினாள். மூலையைக் காட்டினாள். ஊதாப் பென்சில் குறிப்பு, தலைமை வரைவாளர் சொன்னது, பிளேடு, குப்பைக்கூடை எல்லாவற்றையும் சொன்னாள். அவள் வாழ்நாளில் ஒரே மூச்சில் அத்தனை பேசியது அன்றைக்குத்தான். ஒரு ரயில் போயிற்று. போகும்வரை நிறுத்திவிட்டு மிச்சத்தையும் சொன்னாள்.

கொழுந்தனார் அந்த மூலையில் விரலை வைத்தார்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"முப்பது வருஷத்துக்கு மேல ஒரே தட்டுல சாப்பிட்டவரு."

"ஆமா."

"எந்திரிச்சுப் போங்க அண்ணி. நான் ஏதாவது சொல்லிடுவேன். சொல்லிட்டா அப்புறம் திருப்பி எடுக்க முடியாது."

அவள் மூன்று தாளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். செருப்புகள் இன்னும் மூலைக்கொன்றாகக் கிடந்தன. தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொள்ள நேரமாயிற்று. ஒருவரும் உதவவில்லை.

விசாரணை ஒரு பழைய கட்டிடத்தின் தரைத் தளத்தில் நடந்தது. மின்விசிறிக்கு அடியில் ஒரு அதிகாரி, நடுவயதுப் பெண், பொறுமையாக எல்லோரையும் கேட்டார். குடியிருப்புக்காரர்கள் இரண்டாவது வரைபடத்தின் நகலை வேறு வழியில் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து அங்கேதான் என்று வாயால் சொன்னார்கள். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அவள் தன் வாக்குமூலத்தையும் மூன்று தாள்களையும் கொண்டுபோய் மேசையில் வைத்தாள்.

அவளைப் பொறுத்தவரை கணக்கு நேராக இருந்தது. மூன்றாவது வரைபடம் பொய் என்று அதைச் செய்தவளே சொன்னால் வழக்கு பலப்படும். முதல் வரைபடத்தை மறைத்தால் தான் மறுபடியும் அதே வேலையைத்தான் செய்கிறாள். முழு உண்மையையும் வைத்தால் முழு நியாயம் கிடைக்கும். நாற்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவள் அப்படி நம்பியிருக்கக் கூடாது.

அதிகாரி வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்தார்.

"இந்தத் திருத்தக் குறிப்பு இப்ப எங்கம்மா இருக்கு?"

"அஞ்சு வருஷத்துல கழிச்சுடுவாங்க மேடம்."

"அப்ப இதுக்கு ஆதாரம்?"

"நான்தான் மேடம். என் கைதான்."

அதிகாரி இரக்கமாகத்தான் பார்த்தார். பிறகு முதல் வரைபடத்தை எடுத்து, பெயரைப் படித்து, குடியிருப்புக்காரர்கள் பக்கம் திரும்பினார். "இது யாரோட ஊர்?" என்றார். கொழுந்தனார் தரையைப் பார்த்தார்.

மூன்று மாதம் கழித்து உத்தரவு வந்தது. முன்னாள் ஊழியரின் நினைவு, ஆவணம் ஏதும் இல்லாததால் ஏற்கத்தக்கதல்ல. மனுதாரர்கள் வருவதற்கு முன் அந்த இடத்தில் வேறொரு குடியிருப்பு இருந்தது வரைபடத்தால் தெரிவதால், மூன்று தலைமுறைத் தொடர் வசிப்பு நிரூபணமாகவில்லை. மனு தள்ளுபடி. முதலில் இருந்த அந்த ஏழு வீட்டுக்காரர்கள் யார், எங்கே போனார்கள் என்று உத்தரவில் ஒரு வரி இல்லை. அவர்கள் சார்பில் யாரும் மனுப் போடவில்லையே.

கொழுந்தனார் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே உத்தரவின் நகலை நீட்டினார்.

"ரெண்டு தடவை அழிச்சிட்டீங்க அண்ணி. முதல் தடவை தெரியாமச் செஞ்சீங்க, சரி. இந்தத் தடவை?"

"உண்மையைத்தானே தம்பி கொடுத்தேன்."

"உண்மைதான். உங்க மனசு ஆறணும்னு எங்க தலையில கை வச்சுட்டீங்க. அந்தக் கருவாட்டுக்கார அக்கா மனை கிடைக்கும்னு கதவுக்கு மரம் பார்த்து வச்சிருந்தாங்க. அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க உங்க உண்மையை."

மேல்முறையீடு செய்யலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். மேல்முறையீட்டையும் அவள் செய்தாள், தனியாக. ஏழு பக்கம் எழுதி, தாள்களின் நகலை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். மனுதாரர்களில் ஒருவர் அல்லாதவர் மேல்முறையீடு செய்ய முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. குடியிருப்புக்காரர்களிடம் கையெழுத்துக் கேட்கப் போனாள். கதவுகள் திறந்துதான் இருந்தன. "அவர் இல்லை, அப்புறம் வாங்க" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்கள். கருவாட்டுக்காரப் பெண் மட்டும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். "கையெழுத்து மட்டும் கேக்காதம்மா" என்றாள்.

மகளிடம் விஷயம் சித்தப்பா வழியாகப் போயிருந்தது. மகள் வேறு ஊரில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று அவள் நினைத்தாள். மகள் சண்டை போடவில்லை. இரண்டு நாள் அம்மாவோடு சமைத்தாள், துணி மடித்தாள், மருந்து டப்பாவைச் சுத்தம் செய்தாள். மூன்றாம் நாள் காலையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா சாபம் விடும்போதெல்லாம் நானும்தானே பக்கத்துல இருந்தேன். அவன் பெத்தது விளங்காமப் போகணும்னு சொல்லுவாரு. உனக்கு என் முகம் ஞாபகம் வரலையாம்மா?"

"வந்துச்சு."

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"பயமா இருந்துச்சு."

"அப்பாவுக்கா?"

"அவர் மன்னிச்சுடுவாரோன்னு" என்றாள். "மன்னிச்சிருந்தா அதுக்கப்புறம் அவர் யாரைத் திட்டுவாரு? அந்தக் கோபம் ஒண்ணுதான் அவங்க அப்பா விட்டுட்டுப் போன சொத்து. அதையும் நான் பிடுங்கணுமா?"

இது உண்மையா, இல்லை இத்தனை வருடத்தில் தனக்காகத் தானே தைத்துக்கொண்ட சட்டையா என்று அவளுக்கே தெரியவில்லை. மகள் நம்பியதாகவும் தெரியவில்லை.

மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மகள் நாற்காலி போட்டு ஏறி, சுவரில் இருந்த மெக்கானிக்கின் படத்தை இறக்கினாள்.

"அப்பா என் வீட்டுல இருக்கட்டும்மா."

அவள் மறுக்கவில்லை. உள்ளே போய் ஒரு தடித்த போர்வையை எடுத்து வந்தாள். "கண்ணாடி உடையாமப் பார்த்துக்கோ. மடியிலேயே வச்சுக்கோ, மேல போடாதே" என்றாள். இருவருமாகச் சுற்றிக் கட்டினார்கள். பஸ் நிறுத்தம் வரை பெட்டியை அவள் தூக்கிக்கொண்டாள், படத்தை மகள். பஸ் வரத் தாமதமானது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவதாக மகள் சொன்னாள்.

சொன்னபடி கூப்பிட்டாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டாள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, மழை உண்டா என்று பேசுகிறார்கள். அப்பாவைப் பற்றி மட்டும் இருவரும் பேச்சை எடுப்பதில்லை.